கயிற்றில் தொங்குகிறவர் மூன்றாம் நபர் அல்ல

களம்பூரிலிருந்து ஆரணிக்கு வரும் சாயங்காலப் பேருந்தில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவேன். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவேன். அரிசி மில் ஆபீசில் நாள் முழுக்க லாரிகளுக்கு பில் போட்டுவிட்டு வருகிறவளுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அந்த வாரம் மட்டும் தூக்கம் வரவில்லை. போனில் இரண்டு இன்சூரன்ஸ் பாலிசிகள் இருந்தன. கொடுப்போம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது. எதற்கெல்லாம் கொடுக்கமாட்டோம் என்று பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தது. இரண்டில் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவு செய்யவேண்டும். பி.காம். படித்ததற்கு வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

என் வீட்டுக்காரர் தருமனும் அவருடைய கூட்டாளி சிவகுமாரும் ஆரணியில் கண்ணாடி துடைக்கிறார்கள். "எங்க வூட்டு அலமாரிக் கண்ணாடியையும் வந்து தொடைப்பாரா?" என்று என் தங்கை ஒரு கல்யாணப் பந்தியில் எல்லார் எதிரிலும் கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? ஊரில் பட்டுக்கடைகள் எல்லாம் இப்போது முகப்பு முழுக்கக் கண்ணாடியாகிவிட்டன. ரோட்டுப் புழுதியும் மில் தவிட்டுத் தூசியும் ஒரு வாரத்தில் அதன்மேல் கம்பளி போர்த்திவிடும். உள்ளே பொம்மைக்குக் கட்டிய புடவை வெளியே தெரியவேண்டுமானால் யாராவது மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கித் துடைக்கவேண்டும். ஆரணியில் அந்த யாராவது என் வீட்டுக்காரர்.

பஜாரில் புதிதாக நான்கு மாடியில் ஒரு பட்டு ஷோரூம் திறந்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மொத்த வேலையும் உங்களுக்கே என்று அதன் மேனேஜர் சொல்லிவிட்டு, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். 'தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்' காகிதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேலூர் கம்பெனிக்காரன் தயாராக நிற்கிறான். இதுவரை இவர்களுக்கு வந்ததெல்லாம் துண்டு துண்டு வேலைகள். ஒரு வருஷ வேலை என்பது எங்கள் வீட்டில் யாரும் கேட்டறியாத சொல்.

இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும்.

சிவகுமார் அண்ணன் கொசப்பாளையத்து நெசவுக் குடும்பம். அவருடைய அப்பா முப்பது வருஷம் கூலிக்கு நெய்தவர். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்த புடவையை முதலாளி எடுத்துக்கொள்வார். தருமனின் அப்பா படவேட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் படியாள். நெல்லைப் படியில் அளந்து போடுவார்கள், அதுதான் சம்பளம். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட அவரை 'டேய்' என்றுதான் கூப்பிடும். மகன்கள் இருவரும் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது பழகினார்கள். அந்த முதலாளியின் வாய்க்குப் பயந்து ஒரே நாளில் வெளியே வந்து, இனி நமக்கு முதலாளி என்று ஒருத்தன் கிடையாது, நமக்குள்ளும் கிடையாது என்று முடிவு செய்து தொழில் ஆரம்பித்தார்கள்.

அந்த முடிவை இவர்கள் காப்பாற்றும் விதம் இருக்கிறதே. இவர்களுடைய லோடு ஆட்டோவில் ஒரு பக்கம் 'தருமன் – சிவகுமார்' என்று எழுதியிருக்கும், மறு பக்கம் 'சிவகுமார் – தருமன்' என்று இருக்கும். ஆயுத பூஜையன்று கடைக்குக் கடை முதலாளி பூசணிக்காய் உடைப்பார். இவர்கள் ஒரே காயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் போடுவார்கள். ஒரு வருஷம் ஒருத்தர் இரண்டிலேயே விட்டு காய் என் காலில் விழுந்தது. வேலை நடக்கிற இடத்தில் யாராவது வந்து "மொதலாளி யாருப்பா?" என்று கேட்டால் சிவகுமார் அண்ணன் தருமனைக் காட்டுவார், தருமன் அவரைக் காட்டுவார். ஒன்பது வருஷமாக இந்தக் கூத்து சலிக்காமல் நடக்கிறது.

ஆனால் பஜாருக்கு எப்போதும் தெரிந்தது ஒன்றுதான். ஏறுகிறவர் தருமன், கீழே நின்று பேசுகிறவர் சிவகுமார். சிவகுமார் அண்ணனுக்கு உயரம் ஆகாது, ஸ்டூலில் ஏறினாலே கண் இருட்டும். அதனால் கடைக்காரர்கள் "சிவா, ஒன் ஆள அனுப்பிச்சு வுடு" என்பார்கள். தருமன் அதைக் கேட்டுக் கேட்டு ஒன்றும் சொல்லாமலே இருந்தார். ஒன்றும் சொல்லாத மனுஷனோடு குடித்தனம் செய்கிறவளுக்குத்தான் தெரியும், அது உள்ளே எங்கே போய் உட்காருகிறது என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஏஜெண்ட் கந்தசாமியின் ஆபீசுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி அறை. ஊரில் பாதிப் பேருடைய ஆயுள் அவர் கையால் இன்சூர் ஆகியிருக்கிறது. பாதிப் பேருடைய சாவையும் பார்த்துவிட்டதாலோ என்னவோ அவர் குரலில் எப்போதும் ஒரு துக்க வீட்டு அடக்கம் இருக்கும்.

"மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்குங்க. இது நீங்க செத்தா வர்ற துட்டு இல்ல. உங்களால அடுத்தவனுக்கு நஷ்டம் ஆச்சுன்னா அவனுக்குப் போற துட்டு. அதான் தர்ட் பார்ட்டி. மூணாவது ஆளு."

"சரிங்க," என்றார் சிவகுமார் அண்ணன்.

"ரெண்டு கொட்டேஷன் வந்துகீது. ஒண்ணு சின்னது. அதுல நீங்க தொடைக்கிற கண்ணாடி ஒடஞ்சா தரமாட்டான். பக்கத்துக் கண்ணாடி ஒடஞ்சா தருவான்."

"அப்ப பக்கத்துக் கண்ணாடியாப் பாத்து ஒடைக்கணும்," என்றார் அண்ணன். தருமன் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அந்த விதி ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, நான் பேருந்திலேயே படித்துவிட்டேன்.

"கட்டடத்துக்குக் கீழ இன்னா இருக்கும்?" என்று கேட்டார் கந்தசாமி.

"முன்னாடி ரோடு. பக்கவாட்டுச் சந்துல காத்தால பாவு போட்டிருப்பாங்க."

பாவு என்றால் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்படுத்துவது. இந்த ஊரில் காலையில் தெருவில் நடக்கிறவர்கள் அதற்கு ஒதுங்கித்தான் நடப்பார்கள். மேலிருந்து விழும் சோப்புத் தண்ணீர் ஒதுங்குமா? ஒரு தரம் தெறித்துச் சாயம் இறங்கிவிட்டது. அந்தப் பாவு சிவகுமார் அண்ணனின் சொந்தச் சித்தப்பாவுடையது. நஷ்டஈட்டைக் கொடுத்த பிறகும் அவர் இவரோடு பேசுவதில்லை.

"சின்ன பாலிசியில தண்ணி பட்டு கெட்டுப்போன சரக்குக்கு ஒண்ணும் வராது," என்றார் கந்தசாமி. "பெரிய பாலிசியில உண்டு. தொடைக்கிற கண்ணாடிக்கும் உண்டு. கை கொஞ்சம் கடிக்கும், ஆனா ஷோரூம்காரங்க கேக்கறது இதைத்தான்."

பெரியது என்று முடிவாயிற்று. கண்ணாடிக்குப் பாதுகாப்பு. உள்ளே பொம்மை கட்டியிருக்கும் புடவைக்குப் பாதுகாப்பு. சந்தில் பாவுக்கு, ரோட்டில் போகிறவருக்கு, அவர் ஓட்டுகிற வண்டிக்கு. இரண்டு பேரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"சார், மேலேர்ந்து இவரு வுழுந்தா?"

கந்தசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவரு மூணாவது ஆளு இல்லியேம்மா."

"அப்ப அவரு எத்தனாவது ஆளு?"

"தொழில் அவருது. சொந்தக்காரனுக்கு அடிபட்டா அது அவன் பாடு, இந்த பாலிசியில வராது. தனியா விபத்து பாலிசிக்கும் கேட்டுப் பாத்துட்டேன். கயித்துல தொங்கற வேலைன்னதும் கையெடுத்துக் கும்புட்டுட்டாங்க. ஒரே ஒரு வழிதான் கீது. தொழிலாளிங்களுக்குன்னு ஒரு பாலிசி. மொதலாளி எடுத்து வெச்சா, ஆளுங்க வுழுந்தா ஆஸ்பத்திரி செலவு, கை கால் போனா, உசுரு போனா, எல்லாத்துக்கும் உண்டு. ஒசரத்து வேலைக்கும் குடுக்கறான். கட்டாயம் ரெண்டு கயிறு கட்டியிருக்கணும், அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சிவகுமார மொதலாளின்னும் தருமன ஆளுன்னும் எழுதிட்டா முடிஞ்சது."

சிவகுமார் அண்ணன் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தருமன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். நல்ல மனுஷர் கந்தசாமி. ஆனால் ஒன்பது வருஷமாக பஜார் முழுக்கப் பேசிய பேச்சை அவர் ஒரே வரியில் எழுதக் கேட்டுவிட்டார்.

வீட்டில் அடுப்பில் சோறு கொதித்தது. தருமன் வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சட்டை போடவில்லை. இடுப்பின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. போன மாதம் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கயிறு வழுக்கி, பெல்ட் இறுக்கிய இடம். அவர் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது சட்டையில் ரத்தத்தைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ரெண்டாவது கயிறு கட்டு, ரெண்டாவது கயிறு கட்டு என்று சொல்லி வாய் வலித்துப்போயிற்று. கட்டினால் வேலை ஜல்தியா ஆகாது என்பார். பெண்டாட்டி பேச்சுக்கு எந்தக் கயிற்றில் மரியாதை இருக்கிறது?

"காயிதத்துல எழுதறதுதானே," என்றேன். "தெனம் யாரு அதைப் பிரிச்சுப் படிக்கப் போறாங்க?"

"நான் படிப்பேன்."

"இங்லீஷ்ல இருக்கும்."

"மதி, வெளயாடாத." கயிற்றைக் கீழே வைத்தார். "எங்கப்பன் செத்தப்போ அந்தப் பெரிய ஊட்லேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. எங்க தெருவுக்குள்ள வரல, முனையிலயே நின்னாங்க. 'நம்ம ஆளு போய்ட்டான்'னு சொன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. அப்பனுக்கு ஒரு பேரு இருந்துது. அந்தப் பேர அவங்க ஒரு நாளும் சொன்னதில்ல, செத்த அன்னிக்கும் சொல்லல. சிவா என் சிநேகிதன். அவனுக்கே நான் ஆளுன்னு எழுதிட்டா, அப்புறம் பஜார்ல பேசறவன் வாய நான் எதைவெச்சு அடைக்கறது?"

"பேரோட வுழுந்தா வலிக்காதா?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் காலையில் ஆறு மணிக்கு எழுந்தவள் நான். நாள் முழுக்கத் தவிட்டுத் தூசியைத் தின்று, நின்றபடி ஊர் வந்து சேர்ந்தவள். நல்ல வார்த்தையைத் தேடிப் பிடிக்க எனக்கு எங்கே தெம்பு? அவர் கயிற்றை மறுபடி எடுத்துச் சுருட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. மில்லில் போன் அடித்தால் அவர் இன்று எந்தக் கட்டடத்தில் என்றுதான் முதலில் நினைக்கிறேன், ஒரு மாதமாக அப்படித்தான். அதை அவரிடம் சொல்லத் தெரியாமல் சோற்றை வடித்தேன்.

மறுநாள் தருமன் சொன்னபடியே, இருவரும் கூட்டாளிகள், ஷோரூம்காரர் கேட்ட பாலிசி மட்டும் என்று எழுதி அனுப்பினார் கந்தசாமி. நான் தலையிடவில்லை. சண்டை போட ஆசை இருந்தது, சக்தி இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மில்லில் போன் அடித்தது. கந்தசாமிதான்.

"இன்னாமா பேஜாரு இது? ஆபீஸ்லேர்ந்து சரிபாக்க ஒரு பொண்ணு போன் பண்ணிகீது. சிவகுமார்கிட்ட மொதலாளி யாருன்னு கேட்டா, 'தருமன்தாங்க மொதலாளி, நான் அவருகிட்ட வேல செய்யறேன்'னு சொல்லிக்கிறாரு. சரின்னு தருமனுக்குப் போட்டா, 'சிவகுமார்தாங்க மொதலாளி, நான் ஆளு'ன்னு இவரு சொல்லிக்கிறாரு. உங்க கம்பெனியில ரெண்டு வேலக்காரங்க கீறாங்களாம், மொதலாளியே இல்லியாம். திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வர. மில் கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். பழக்கம் போகுமா? இவர்கள் எமன் வந்து கேட்டாலும் ஒருத்தரை ஒருத்தர்தான் காட்டுவார்கள்.

சிரிப்பு அடங்கியதும் வேறொன்று மனதில் தட்டியது. திங்கட்கிழமை 'ஆளு' என்ற ஒரு சொல்லுக்குப் படியிறங்கிப் போன மனுஷன், போனில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் "நான் ஆளு" என்று தானாகச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவருக்கு வலிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கம் சிவகுமாரும் அதையே சொல்வார் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஆளாக இருந்தால் இவர்களுக்குச் சம்மதம். ஒருத்தர் மட்டும்தான் கூடாது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஏஜெண்ட் ஆபீசில் எனக்கு முன்னால் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். திட்டு வாங்கிய முகங்கள்.

"நாளைக்கு காயிதம் போகலன்னா ஷோரூம் போச்சு," என்றார் கந்தசாமி. "யாராவது ஒருத்தர் மொதலாளி ஆவுங்கப்பா. கெஞ்சிக் கேக்கறேன்."

"என்ன ஆளுன்னு எழுதுங்க," என்றார் சிவகுமார் அண்ணன். "தருமன மொதலாளின்னு போடுங்க. பஜாருக்கும் புத்தி வரட்டும்."

"லூசாடா நீ?" என்றார் தருமன். "நீ ஸ்டூலு மேல ஏறமாட்ட. வுழறதுக்குத் துட்டு ஒனக்கு எதுக்கு?"

"அப்ப நீ ஆளா இரு."

"மாட்டேன்."

"அப்ப நீ வுழுந்தா நான் மதி மூஞ்சிய எப்பிடிடா பாக்கறது?" என்று கேட்டார் அண்ணன். "ஆஸ்பத்திரியில கயிறு வழுக்கின அன்னிக்கு கீழ நின்னவன் நானு. நீ தொங்கிகினு இருந்தப்போ என் கால் நவுரல. அதுலேர்ந்து நான் தூங்கல, தெரியுமா ஒனக்கு?"

தருமன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அண்ணன்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. ஒரு மாதமாக ராத்திரியில் தூங்காதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் ஆளுங்கன்னே எழுதுங்க சார்," என்றேன்.

"எழுதலாம்மா. மொதலாளி?"

"நான்."

பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன்.

"என் பேர்ல தொழில பதிவு பண்ணி, அந்தத் தொழிலாளி பாலிசியும் சேத்துப் போடுங்க. பான் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் பையில கீது. இவங்க ரெண்டு பேரும் என்கிட்ட வேல செய்யறாங்க. மாசா மாசம் ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் பேங்க்ல போடறேன். லாபத்துல எப்பவும்போல ஆளுக்குப் பாதி."

கந்தசாமி யோசித்தார். "புருஷன ஆளாப் போட்டா கேள்வி கேப்பாங்க. சம்பளம் பேங்க்ல போறதைக் காட்டினா ஒத்துக்கறாங்க, போன வருஷம் ஒரு மெஸ்ஸுக்கு அப்பிடி வாங்கிக் குடுத்தேன். பதிவு இன்னைக்கே ஆன்லைன்ல ஆயிடும். ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கம்மா. இனிமே கண்ணாடி ஒடஞ்சாலும் பாவு கெட்டாலும் கோர்ட்டுக்குக் கூப்புட்டாலும் உன் பேருதான்."

"எல்லாம் ஏற்கெனவே என் தலையிலதான் சார் ஓடுது. பேரு மட்டும்தான் இல்ல."

சிவகுமார் அண்ணனின் மனைவி கீதா அண்ணியையும் சேர்த்து இரண்டு பெண்களாக எழுதலாமே என்றும் கேட்டேன். கூட்டுப் பத்திரம் போட நாளாகும், பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்றார் கந்தசாமி. சிவகுமார் அண்ணனைப் பார்த்தேன். தருமனுக்கு என் பேரில் தொழில் இருப்பது ஒரு பொருட்டில்லை, எப்படியும் வீட்டுக்குள்தான். அண்ணனுக்கு அப்படியில்லை. பாதித் தொழிலை என்னை நம்பிக் கொடுக்கவேண்டும். அவருடைய தெருவில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மேஜைமேல் விரலால் ஏதோ கோடு போட்டார்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் மொதலாளி வூட்டு வாசல்ல நின்னுதான் பேசினாரு," என்றார் கடைசியில். "நான் மொதலாளி வூட்ல குந்திகினு ரெண்டாவது தரம் கொழம்பு கேக்கறேன். எழுதுங்க சார். கீதா பேர மட்டும் எப்பவும் சேக்காதீங்க, அவ மொதலாளி ஆயிட்டா நான் கயித்துல ஏற வேண்டியதுதான்."

எல்லாரும் தருமனைப் பார்த்தோம்.

"இதுக்கு இன்னா புதுசா காயிதம்?" என்றார் அவர். "கல்யாணம் ஆன நாளா, பதினோரு வருஷமா அப்பிடித்தான இருக்கறேன்."

அப்புறம் கந்தசாமி கேள்வி கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார், நான் பதில் சொன்னேன். வேலையின் தன்மை. எவ்வளவு உயரம். பாதுகாப்புச் சாதனங்கள். தொழிலாளர் பெயர்கள். அகர வரிசைப்படி போடட்டுமா என்று அவர் கேட்க, எப்படிப் போட்டாலும் ஒரு காப்பியில் மாற்றிப் போடுங்கள் என்றேன்.

"தொழிலாளிக்கு ஏதாவது ஆயிட்டா தொகை வாரிசுக்குப் போவும். விவரத்துல வாரிசு பேரும் போட்டுடலாம், பின்னால அலைய வேணாம். சிவகுமாருக்குக் கீதா. தருமனுக்கு..."

அவர் விரல் நின்றுவிட்டது.

தருமனுக்கு நான்தான். அவர் விழுந்தால் பதில் சொல்லவேண்டிய முதலாளி மதிவதனி. அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளப் போகிற பெண்டாட்டியும் மதிவதனி. என் பக்கத்திலிருந்து எடுத்து என் பக்கத்திலேயே வைப்பார்கள், நடுவில் அவர் மட்டும் இருக்கமாட்டார். திங்கட்கிழமையிலிருந்து இந்தக் காகிதத்துக்குத்தான் நான் இத்தனை அலைந்தேன்.

"போடுங்க சார்," என்றேன். கந்தசாமி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து படியில் நின்றேன். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பெண்டாட்டியா சொல்லி அலுத்துப்போச்சு. இப்ப மொதலாளியா சொல்றேன். ரெண்டாவது கயிறு கட்டாம மேல ஏறினா அன்னிக்கு வேல கெடையாது. நானே கீழ நின்னு பாப்பேன்."

"பாலிசியிலயே அப்பிடித்தான்டா போட்டுகீது," என்று சிவகுமார் அண்ணன் எடுத்துக்கொடுத்தார்.

தருமன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கட்றேன்," என்றார். இத்தனை நாள் கழித்து, ஒரே வார்த்தையில்.

அடுத்த திங்கட்கிழமை மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஷோரூம் வாசலில் போய் நின்றேன். காலை வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. பக்கத்துச் சந்தில் மாம்பழ நிறத்தில் ஒரு பாவு கட்டியிருந்தார்கள். சிவகுமார் அண்ணன் அதற்கு மேலே பிளாஸ்டிக் படுதா கட்டிவிட்டு வந்து கயிற்றுக்குக் கீழே நின்றார். தருமன் மொட்டை மாடியிலிருந்து இறங்கினார். நீலக் கயிறு ஒன்று, அதை ஒட்டி வெள்ளைக் கயிறு ஒன்று. இரண்டாவதன் கொக்கியைத் தூக்கி எனக்குக் காட்டி, பெல்ட்டில் மாட்டி, இழுத்தும் காட்டினார். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கயிறு ஓடிவிடாமல் இடது கையால் நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் வைப்பரை வைத்து மேலிருந்து கீழாக இழுப்பார். இழுத்த இடத்தில் வானம் தெரிந்தது. இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்வார் என்று எனக்குத் தெரியாது. நான் அதுவரை அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை.

மூன்றாவது மாடிக்கு வந்திருப்பார். கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார், கையில் ஒப்பந்தக் காகிதம். ஊருக்குப் புது ஆள், சென்னைக்காரர், இதுவரை போனில்தான் பேசியிருந்தார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"இதுல சைன் வேணும். ஓனர் யாருப்பா?"

சிவகுமார் அண்ணனின் கை பழக்க தோஷத்தில் மேலே போகப் பார்த்தது. பாதியில் ஞாபகம் வந்து என் பக்கம் திரும்பியது. நான் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"அதோ, அவங்கதான் மொதலாளி!" என்று மேலிருந்தும் ஒரு குரல் வந்தது. பஜார் முழுக்கக் கேட்டிருக்கும். அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

நிமிர்ந்து பார்த்தேன். வைப்பர் வலது கையில் இருந்தது. என்னைச் சுட்டிக்காட்ட நீண்டிருந்தது இடது கை.

நீலக் கயிறு சர்ரென்று ஓடியது. அவர் ஒரு ஆள் உயரம் கீழே வந்தார். நான் கத்தினேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அண்ணன்தான் பிறகு சொன்னார், தெருக்கோடி வரை கேட்டது என்று. வெள்ளைக் கயிறு ஒரு உதறு உதறி இழுத்துப் பிடித்தது. அவர் கண்ணாடியில் தோள் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, தொங்கினார். கண்ணாடி உடையவில்லை. கீழே யார் மீதும் எதுவும் விழவில்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு சேதமும் இல்லை.

ஷோரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் காகிதத்தை நீட்டியபடி அப்படியே நின்றார். மேலே பார்த்தேன். முகம் வெளுத்துப்போய் அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் அந்தக் கையை மடக்காமல் என் பக்கம் நீட்டியே வைத்திருந்தார்.

"காட்னது போதும்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டே இன்னொரு தரம் சொன்னேன். "கயித்தப் புடிய்யா."